எப்போது சூடாகிறது?

பழைய காரின் என்ஜின் கொதிக்கிறதா? பாகங்களை மாற்றுவதற்கு முன் காரணத்தைக் கண்டறியும் வழி

நான் படிவம் நான்கில் படித்துக் கொண்டிருந்த ஆண்டு அது. தீபாவளிக்கு இரண்டு நாள்களுக்கு முன் கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட்டில் உள்ள தாத்தா வீட்டுக்குப் புறப்பட்டோம். காரில் அப்பா, அம்மா, தங்கை, நான். பின்னால் பூட்டில் முறுக்கு டின்கள், துணிப் பைகள், அவற்றோடு ஐந்து பெரிய பாட்டில்களில் தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்களுக்கு அல்ல, காருக்கு.

சுங்கை பூலோவைத் தாண்டியதும் நெரிசல். வாகனங்கள் ஊர்ந்தன. எங்கள் காரின் வெப்பநிலை முள் பாதியைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியது. அப்பா குளிரூட்டியை அடைத்துவிட்டு ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். யாரும் பேசவில்லை. நால்வரின் கண்களும் முள்ளின் மேல்தான். சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தபோது ரவாங் அருகே சாலை திறந்தது. வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் முள் தானாகவே இறங்கியது. தாப்பா ஓய்விடத்தில் நிறுத்த இடம் தேடிச் சுற்றி வந்தபோது மறுபடியும் ஏறியது.

ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தோம். ஆனால், அப்பா முகத்தில் தீபாவளி இல்லை. அந்தக் கார் அப்போதே 18 ஆண்டுப் பழையது. ஆறு மாதங்களில் மூன்று பட்டறைகளைப் பார்த்திருந்தது. முதல் பட்டறையில் ரேடியேட்டர் மூடியை மாற்றி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இரண்டாவது பட்டறையில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். மூன்றாவது பட்டறையில், “ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். என்ஜினைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்” என்றார்கள். அதற்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்கள். இரவு வேலைக்கு ஷா ஆலாம் தொழிற்சாலைக்குப் போய்வர அப்பாவுக்கு அந்தக் கார்தான் துணை. இருந்தும், “தீபாவளி முடிஞ்சதும் பழைய இரும்புக்குப் போட்டுட வேண்டியதுதான்” என்றார்.

தீபாவளியன்று மாலை தாத்தாவைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். தோட்டத்து ரப்பர் ஆலையில் பல ஆண்டுகள் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அவரிடம் காரின் கதையைத் தொடங்கி, மாற்றிய பாகங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்னென்ன மாத்தினேன்னு அப்புறம் சொல்லு. எப்போ சூடாகுது? அதை முதல்ல சொல்லு.”

“எப்பவும்தான் அண்ணே” என்றார் அப்பா.

“இல்ல பெரியப்பா, ஜாம்லதான் ஏறுது. ஹைவேயில இறங்கிடுது” என்றேன் நான்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்படிச் சொல்லு. காலையில வர்றேன். அது வரைக்கும் யாரும் என்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க. மூடியையும் தொடாதீங்க.”

மறுநாள் காலை அவர் எனக்குக் கற்றுக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கான்சிலும் இன்னும் நம் சாலைகளில் ஓடுகின்றன. முதல் சம்பளத்தில் பழைய கார் வாங்கும் இளைஞர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு இது பயன்படும்.

தண்ணீர் செய்யும் வேலை

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும் பகுதி என்ஜின் உலோகத்தைச் சூடாக்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 பாகை செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். வெப்பத்தை இடைவிடாமல் வெளியே கொண்டு போனால்தான் என்ஜின் பிழைக்கும்.

அதைச் செய்வது தண்ணீர். படிவம் நான்கு இயற்பியலில் தன்வெப்பக் கொள்ளளவு என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4,200 ஜூல் தேவை. ஒரு கிலோ அலுமினியத்துக்கு சுமார் 900 ஜூல் போதும். அதாவது, தண்ணீர் அதிகம் சூடாகாமலே நிறைய வெப்பத்தைச் சுமக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த எண் பானெட்டுக்குள் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன்.

வாட்டர் பம்ப் இந்தத் தண்ணீரை என்ஜினுக்குள் சுற்ற வைக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்னும் வால்வு ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். பல கார்களில் 82 முதல் 88 பாகைக்குள் அது திறக்கத் தொடங்கும். சூடான தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, குழாய்களுக்கு இடையே புகும் காற்று வெப்பத்தை வாங்கிக் கொள்கிறது. வண்டி ஓடினால் எதிர்க்காற்றே போதும். நின்றால் விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும்.

ஆக, வேண்டியவை மூன்று: போதுமான தண்ணீர், தடையில்லாத தண்ணீர் ஓட்டம், ரேடியேட்டரில் புகும் காற்று. பெரும்பாலான கோளாறுகள் இந்த மூன்றில் ஒன்று குறைவதால் வருபவை. எது குறைகிறது என்பதைத்தான் “எப்போது சூடாகிறது?” என்ற கேள்வி காட்டிக் கொடுக்கிறது.

முதலில் பாதுகாப்பு

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி அல்ல. அது பிரஷர் குக்கரின் வெயிட் போன்றது. பல மூடிகளின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் அந்த அழுத்தத்தில் சுமார் 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கும்.

இதனால்தான் சூடான என்ஜினின் மூடியைத் திறப்பது ஆபத்து. உள்ளே 110 பாகையில் தண்ணீர் அமைதியாக இருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே தண்ணீர் கொதித்து, நீராவியோடு முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். ரேடியேட்டரைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்கலாம். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

தப்பித் தவறிச் சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். பற்பசை தடவாதீர்கள். காயம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: சில கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். விசிறி இறக்கைகளுக்கு இடையே ஒருபோதும் விரலை விடாதீர்கள்.

காசு செலவில்லாத காலைச் சோதனை

பெரியவர் சொன்னபடியே காலை ஏழு மணிக்கு வந்தார். கையில் ஒரு டார்ச் லைட்டும் பழைய துணியும் மட்டும்தான். ஸ்பேனர் கூட இல்லை.

முதலில் காரின் அடியில் எட்டிப் பார்க்கச் சொன்னார். உங்கள் வீட்டில் இதைச் செய்வதானால், முதல் நாள் இரவே என்ஜினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். கூலண்டில் சிவப்பு அல்லது பச்சைச் சாயம் கலந்திருப்பதால் சொட்டு விழுந்தால் தெரிந்துவிடும். குளிரூட்டியிலிருந்து விழும் நிறமற்ற தண்ணீரைக் கண்டு குழம்ப வேண்டாம். அது இயல்பு.

அடுத்து, மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பார்த்தார். ரேடியேட்டரின் கழுத்து வரை தண்ணீர் இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள உபரிக் குப்பியில் குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். குப்பி நிறைந்திருக்க, ரேடியேட்டரில் மட்டும் குறைந்திருந்தால் மூடியின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். என்ஜின் ஆறும்போது குப்பியில் உள்ள தண்ணீரைத் திரும்ப இழுத்துக் கொள்ள வழிவிடும் சின்ன வால்வு மூடியில்தான் இருக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அழுத்தமும் நிற்காது.

பிறகு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நல்ல குழாய் அமுங்கி மீளும். கெட்டுப் போனது கல்லாக இறுகியிருக்கும் அல்லது சதசதவென்று இருக்கும். குழாய் இணையும் இடங்களில் வெள்ளையாகவோ நிறமாகவோ உப்புப் படிந்தது போல் காய்ந்திருந்தால், அங்கே மெதுவான கசிவு உண்டு. பிளாஸ்டிக் தொட்டி பொருத்திய ரேடியேட்டர்களில் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பைக் கவனமாகப் பாருங்கள். வயதான பிளாஸ்டிக் அங்கேதான் விரிசல் விடும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உள்ள சீல் தேய்ந்தால் அதன் வழியே தண்ணீர் கசிந்து எச்சரிக்கும். அந்தத் துளையைச் சுற்றி ஈரமோ கறையோ இருந்தால் பம்புக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

எங்கள் காரில் கசிவு எதுவும் இல்லை. தண்ணீரும் கழுத்து வரை இருந்தது. “தண்ணி இருக்கு. ஒரு கேள்வி தீர்ந்தது” என்றார் பெரியவர்.

முள் சொல்லும் நான்கு கதைகள்

தண்ணீர் அளவு சரி என்றால் அடுத்து வருவது அந்த முக்கியக் கேள்வி. பதில் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, நெரிசலில் ஏறுகிறது, வேகமாகப் போனால் இறங்குகிறது. இது பெரும்பாலும் காற்றுப் பிரச்சினை. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. வண்டி நின்றதும் விசிறியின் குறை வெளியே வருகிறது. விசிறி, அதன் ப்யூஸ், ரிலே, வெப்ப சுவிட்ச் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

இரண்டு, நகரத்தில் ஒழுங்காக இருக்கிறது, வேகத்திலோ மேட்டிலோ ஏறுகிறது. காராக் நெடுஞ்சாலையிலும் கேமரன் மலை ஏற்றத்திலும் பலருக்கு நேர்வது இது. அப்போது என்ஜின் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. அதற்கு ஏற்ற தண்ணீர் ஓட்டம் இல்லை. ரேடியேட்டருக்குள் துரு அடைத்திருக்கலாம், வெளியே பூச்சியும் மண்ணும் அப்பியிருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். கீழ்க் குழாய் தளர்ந்து, வேகத்தில் பம்ப் இழுக்கும்போது உள்வாங்கிக் கொள்வதும் உண்டு.

மூன்று, புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சிவப்புக்குப் போகிறது. தண்ணீர் குறைவு, மூடிய நிலையில் மாட்டிக் கொண்ட தெர்மோஸ்டாட், அறுந்த பெல்ட், கெட்டுப் போன ஹெட் கேஸ்கட் ஆகியவை காரணமாக இருக்கலாம். இந்தக் காரை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கக் கூடாது.

நான்கு, முள் எப்போதுமே கீழே கிடக்கிறது. இதை நல்ல செய்தி என்று பலர் நினைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக் கொண்டால் அல்லது யாராவது அதைக் கழற்றி எறிந்திருந்தால் இப்படி ஆகும். என்ஜின் தனக்குரிய வெப்பத்தை எட்டாது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், உள்பாகங்கள் சீக்கிரம் தேயும். வெப்ப நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொல்வார்கள். நம்பாதீர்கள்.

இந்த நான்கும் கல்வெட்டு அல்ல. பழைய காரில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால், எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை இவை சொல்லிவிடும்.

ஒரு துண்டு நாளிதழ்

எங்கள் கார் முதல் வகை. அதாவது விசிறி. அப்பா உடனே மறுத்தார். “விசிறி சுத்துது அண்ணே. மூணு பட்டறையிலயும் பார்த்தாங்க.”

“சுத்துறது வேற, காத்தை இழுக்கிறது வேற” என்றார் பெரியவர்.

என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். முள் பாதியைத் தாண்டியதும் விசிறி சுழலத் தொடங்கியது. அவர் நாளிதழில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, காரின் முன்பக்கம் நின்று ரேடியேட்டர் மேல் வைத்துக் கையை எடுத்தார். விசிறி இழுக்கும் காற்றில் தாள் அங்கேயே ஒட்டி நிற்க வேண்டும். அது நழுவித் தரையில் விழுந்தது. மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் விழுந்தது. விசிறி சுழன்றது உண்மை. ஆனால், சோம்பலாகச் சுழன்றது.

அது போதவில்லை அவருக்கு. வீட்டுக்குப் போய் ஒரு மல்டிமீட்டரை எடுத்து வந்தார். விசிறி மோட்டாருக்குப் போகும் மின்கம்பி இணைப்பில் அளந்தார். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். இணைப்பிலும் அதற்கு நெருக்கமாகவே இருந்தது. “கரண்டு முழுசா வருது. அப்படின்னா தப்பு எங்கே?” என்று என்னிடம் கேட்டார்.

“மோட்டார்ல” என்றேன்.

“கரண்டு வரலைன்னா?”

யோசித்தேன். “அதுக்கு முன்னால. ப்யூஸ், ரிலே, சுவிட்ச்.”

ஒரே அளவீட்டில் பாதிச் சந்தேகங்கள் விலகின. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக் கொண்டு போவதுதான் கோளாறு அறிவதன் சாரம்.

நீங்கள் செய்து பார்க்க இன்னொரு எளிய வழி உண்டு. பல கார்களில் குளிரூட்டியை முடுக்கினால் விசிறியும் சுழலும். இரண்டு விசிறிகள் உள்ள காரில் இரண்டும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். குளிரூட்டிக்குச் சுழன்று, என்ஜின் சூட்டுக்குச் சுழலாத விசிறி என்றால் மோட்டார் நல்லது, வெப்ப சுவிட்ச் பக்கம்தான் கோளாறு இருக்கும்.

கேஸ்கட் பயத்தைத் தீர்ப்பது எப்படி?

மூன்றாவது பட்டறை சொன்ன ஹெட் கேஸ்கட் அப்பாவின் மனத்தில் இன்னும் உறுத்தியது. சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே உள்ள தகடு அது. எரிவாயுவையும் தண்ணீரையும் எண்ணெயையும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் பிரித்து வைக்கிறது. என்ஜின் கடுமையாகக் கொதித்தால் அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கட் விட்டுவிடும். அந்தச் செலவு, பழைய காரின் மதிப்பை எட்டிவிடுவதும் உண்டு.

ஆனால், என்ஜினைத் திறக்காமலே அதன் அறிகுறிகளைப் பார்க்கலாம். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து முடுக்கினால், ரேடியேட்டர் கழுத்தில் நிற்காமல் குமிழிகள் வருகின்றனவா? புதிதாகத் தண்ணீர் ஊற்றிய காரில் சிக்கிய காற்று சற்று நேரம் குமிழியிடும், பிறகு அடங்கும். அடங்காமல் வந்தால்தான் சந்தேகம். மூடி போட்டு முடுக்கிய ஓரிரு நிமிடங்களில், தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் குழாய் கல்லாக இறுகுகிறதா? வெளியே கசிவில்லாமல் தண்ணீர் குறைகிறதா? என்ஜின் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறதா? எண்ணெய் அளவுக் கம்பியில் பால் கலந்த தேநீர் போல் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா? எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் சிறிது வெண்மை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரத்தால் அப்படிப் படிவதுண்டு.

உறுதி செய்ய நல்ல பட்டறைகளில் ஒரு சோதனை உண்டு. ரேடியேட்டர் கழுத்தில் வரும் காற்றை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியே செலுத்துவார்கள். பெட்ரோல் என்ஜினின் எரிவாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். என்ஜினைத் திறக்கச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பெரியவர் காலையிலேயே குமிழிகளைப் பார்த்துவிட்டிருந்தார். எங்கள் காரில் இந்த அறிகுறிகளில் ஒன்றுகூட இல்லை.

பானையில் வெந்த தெர்மோஸ்டாட்

தீபாவளிக்கு மறுநாள் பிற்பகல் அப்பாவும் பெரியவரும் நானும் ஈப்போவில் ஒரு பொத்தோங் கடைக்குப் போனோம். வேறொரு காரிலிருந்து கழற்றிய விசிறி மோட்டார் ஒன்றும், புதிய தெர்மோஸ்டாட் ஒன்றும் வாங்கினோம். எல்லாம் சேர்த்து வாட்டர் பம்புக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை.

தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன் பெரியவர் பாட்டியிடம் ஒரு பழைய பானையும், தாத்தாவிடம் வெப்பமானியும் கேட்டார். நூலில் கட்டிய தெர்மோஸ்டாட் பானையின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கியது. அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. தண்ணீர் 80ஐத் தாண்டியதும் நானும் தங்கையும் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தோம். சொன்னபடி வால்வு மெல்லத் திறந்து, தண்ணீர் கொதிக்கும் முன் அகலமாக விரிந்தது. வெளியே எடுத்ததும் மெதுவாக மூடிக் கொண்டது. “புதுசுன்னாலும் சோதிச்சுட்டுத்தான் போடணும்” என்றார் அவர்.

பழைய மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகள் தேய்ந்து நகக்கண் அளவில் நின்றன. ஆறு மாதத் தலைவலிக்கும் வீணான செலவுக்கும் காரணம் அந்தத் துண்டுகள்தாம்.

புதிய மோட்டாரைப் பொருத்தியதும் மறுபடியும் நாளிதழ்த் துண்டு. இந்த முறை தாள் ரேடியேட்டரில் ஒட்டி நின்றது. இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுழன்று காற்றை முன்னால் தள்ளும். சுழல்வது மட்டும் கண்ணுக்குத் தெரியும், குளிர்ச்சி கிடைக்காது.

வழியில் கொதித்தால்

முள் சிவப்பை நெருங்கினால், “இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டாதீர்கள். பல ஹெட் கேஸ்கட்கள் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் போகின்றன. குளிரூட்டியை அடையுங்கள். வெப்பக் காற்று வசதி உள்ள காரானால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள், என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே எடுக்கும். அபாய விளக்கைப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அடைத்துவிடுங்கள். நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் நின்றால் காருக்குள் உட்காராமல் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று, நெடுஞ்சாலை உதவிப் பிரிவை அழையுங்கள்.

கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சூடான உலோகம் திடீரென்று சுருங்கினால் விரிசல் விடும். முழுதாக ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம்.

முள்ளை முழுதாக நம்பவும் கூடாது. தண்ணீர் எல்லாம் வடிந்துவிட்டால் வெப்ப உணரி காற்றில் தொங்கும். அப்போது என்ஜின் எரிந்து கொண்டிருக்க, முள் கீழே காட்டலாம். இனிப்பு வாடை, பானெட்டிலிருந்து ஆவி, திடீரென்று குறையும் இழுவை ஆகியவையும் எச்சரிக்கைதான்.

அவசரத்துக்கு ஊற்றிய குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டுவிடாதீர்கள். அது துருவையும் உப்பையும் உண்டாக்கி ரேடியேட்டரை அடைக்கும். நம் நாட்டில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்கலாம். கூலண்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. கையேட்டில் சொன்ன வகையை, சொன்ன விகிதத்தில் ஊற்றுங்கள். பழையதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கூலண்டில் உள்ள கிளைக்கால் இனிப்பானது, நச்சு உடையது. நாயும் பூனையும் நக்கினால் இறந்துவிடும்.

ஒரு குறிப்பேடு

ஊர் திரும்பிய நாளில் ரவாங்கிலிருந்து சுங்கை பூலோ வரை அதே நெரிசல். குளிரூட்டி ஓடியது, ஜன்னல்கள் மூடியிருந்தன. முள் பாதியைத் தாண்டவில்லை. அப்பா அந்தக் காரை இரும்புக் கடைக்கு அனுப்பவில்லை. மேலும் ஏழு ஆண்டுகள் அதில்தான் வேலைக்குப் போய்வந்தார்.

புறப்படும் முன் பெரியவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். காருக்கு ஒரு குறிப்பேடு போடச் சொன்னார். என்று, எந்தச் சாலையில், எந்த வேகத்தில், குளிரூட்டியோடா இல்லாமலா, முள் எங்கே நின்றது என்று எழுத வேண்டும். பட்டறைக்குப் போகும்போது அதைக் கொண்டு போக வேண்டும். “கார் சூடாகுதுன்னு சொன்னா அவரும் ஊகிக்கத்தான் செய்வாரு. எப்போ சூடாகுதுன்னு சொன்னா தேடுவாரு” என்றார். பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் அல்லர். நாம் பாதிச் செய்தியைக் கொடுத்தால் அவர்களாலும் பாதிப் பதிலைத்தான் கொடுக்க முடியும்.

மாணவர்களே, இப்படித் தேடுவதில் உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா? தொழிற்கல்லூரிகளிலும், ஐஎல்பி, அட்டெக், இளைஞர் திறன் பயிற்சிக் கழகங்களிலும் வாகனத் தொழில்நுட்பம் கற்கலாம். எஸ்கேஎம் என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் உள்ளது. அதற்கு மேல் நான்காம், ஐந்தாம் நிலைகளில் டிப்ளோமா, உயர்நிலை டிப்ளோமா வரை போகலாம். தேர்ச்சி குறைந்தவர்கள் போகும் இடம் என்று யாராவது சொன்னால், மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, விசிறி ஏன் சுழலவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர் இப்போது இல்லை. நான் கற்பிக்கும் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு முதல் நாள் ஒரு கொதிக்கும் காரைப் பற்றிச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். “தெர்மோஸ்டாட்டை மாத்தணும் சார்”, “பம்பை மாத்தணும் சார்” என்று கைகள் உயரும். எப்போதாவது பின் வரிசையிலிருந்து யாராவது ஒருவர், “எப்போ சார் சூடாகுது?” என்று கேட்பார். அவரை முன் வரிசைக்கு அழைத்து, கையில் ஒரு துண்டு நாளிதழைக் கொடுப்பேன்.